அருவி மட்டும் மிஞ்சிய வீடியோ

கையாலேயே கொஞ்சி, கையாலேயே ஏசி என்னை வளர்த்த அக்காவுக்கு,

நீ போன பிறகு, உன் வீடியோக்களை ஒரே இணையதளத்தில் சேர்த்துவைக்க உங்கள் சங்கத்தில் முடிவெடுத்தார்கள். உன்னைப் போலக் காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் நீ பேசியவை அல்லவா அவை? ஆஸ்பத்திரியில் வலியை எப்படிச் சொல்வது, டாக்டரிடம் என்னென்ன கேட்பது, எல்லாம். தென்காசியில் வெப்சைட் செய்துகொண்டு நான் இருக்கும்போது வேறு யாரிடம் போவார்கள்?

ஆனால் சங்கத்தை நடத்தும் அண்ணாச்சி ஒரு ரெடிமேட் டிசைனைப் பிடித்துக்கொண்டு, அதுதான் வேண்டும் என்று நின்றார். எந்த வீடியோவைப் போட்டாலும் அது போன் திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அகலமான படத்தை நெட்டையான திரையில் அடைத்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்படாதா?

ஐந்தருவிக்கு முன்னால் நீயும் உன் சிநேகிதி புஷ்பமும் பேசிக்கொண்டதை நான் எடுத்தேனே, நினைவிருக்கிறதா? அந்த இரைச்சலில் காது கேட்கிற நாங்கள்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். நீங்கள் ஆளுக்கொரு ஓரத்தில் நின்று சாவகாசமாகக் கைகளால் கதையடித்தீர்கள். அதைப் போனில் திறந்தேன். நடுவில் அருவி மட்டும் விழுந்துகொண்டிருந்தது. நீயும் இல்லை, அவளும் இல்லை.

அண்ணாச்சியிடம் காட்டினேன்.

“தண்ணி நல்லாத்தானே தெரியுது?”

“அக்காவக் காணோமே அண்ணாச்சி.”

“மத்ததுல மொகம் தெரியுதுல்லா, போதும்லே. முழுசாப் போட்டு மேலயும் கீழயும் வெறும் எடம் கெடந்தா பாக்கவா நல்லாருக்கும்?”

முகம் தெரிந்தால் போதுமா அக்கா? உன் பேச்சு முழுக்கக் கையில் அல்லவா இருந்தது? இத்தனை காலம் உன்னோடு பழகியவருக்கே இது உறைக்கவில்லை என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்ள? எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டு வந்துவிட்டேன். தளம் அப்படியே வெளியானது.

அந்த வாரமே புஷ்பம் பாவூர்சத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். மகனுக்குக் காய்ச்சல் என்று உன் ஆஸ்பத்திரி வீடியோவைத் திறந்திருக்கிறாள். பாதிக் கைதான் தெரிந்திருக்கிறது, ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு நேரே அண்ணாச்சியின் முன்னால் போய், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள்.

“என்னலே சொல்லுதா?”

“கையக் கட்டிக்கிட்டு என்னத்தச் சொல்லுவா அண்ணாச்சி? நம்ம வீடியோவும் இப்படித்தான் நிக்குது.”

அவர் “என்னமும் செய்யி” என்றார்.

செய்தேன். இப்போது வீடியோ திரையின் அகலத்துக்கு விரியும். உயரம் அதற்கேற்ற விகிதத்தில் தானாக அமையும். போனை நெட்டுவாக்கில் பிடித்து எடுத்தவற்றுக்கு வேறு விகிதம் கொடுத்தேன். படம் சிறிதானாலும் உன் விரல்நுனிவரை தெரிந்தது. அப்பாடா என்று இருந்தேன். போன வாரம் அந்த டிசைனுக்கு ஓர் அப்டேட் வந்தது. நான் மாற்றியதெல்லாம் போய், பழையபடி உன்னை வெட்டிவைத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து சரிசெய்தேன். ஒருமுறை உன்னை இழந்தது போதாதா?

புஷ்பத்தின் மகனுக்குச் சுகமாகிவிட்டது. நீ சொல்லித்தந்த கேள்விகளையே டாக்டரிடம் கேட்டாளாம்.

இனி எந்த அப்டேட் வந்தாலும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு முதலில் போனில் உன் கைகளைத் தேடுவேன். இரண்டும் முழுதாக இருந்தால்தான் மற்ற வேலை. இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த வாயாடி,
தம்பி