பத்துக்கு மூன்று

அன்புள்ள அய்யாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து வெள்ளைத்துரை எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? ஆத்தா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா?

என் பெயர் வந்த பத்திரிகைப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியதாக எழுதியிருந்தீர்கள். கழற்றிவிடுங்கள். அந்த விமானச் சண்டை வீடியோ கேமை ஒரு வாரம் ஆடிப் பார்த்துப் பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். பாதி ஆட்டத்துக்கு மேல் விமானம் திரும்பவே திரும்பாது, புரோகிராமிலேயே பிழை. அச்சில் ஒன்பது என்று வந்திருக்கிறது. கேட்டதற்கு, நம் ஊர்ப் பக்கத்து ஆளான பத்திரிகை ஆசிரியர் சிரித்தார். "விளம்பரம் குடுக்குறவனுக்கு மூணா? பரீட்சைப் பேப்பரா திருத்துற தம்பி? அம்புட்டு ரோசம்னா ஊருக்குப் போயிரு." போகவில்லை. வேலை இருக்கிறது, கவலைப்பட வேண்டாம்.

யாராவது வந்தால் இட்லிப்பொடி கொடுத்தனுப்புங்கள். இங்குள்ள சாப்பாட்டுக்கு மூன்றுகூடப் போட முடியவில்லை.

சிம்மக்கல்லில் வீடியோ கேம் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் மாமா, அந்த ஒன்பதை என் மார்க் என்று நம்பி அந்த கேம் மெஷினை வாங்கப்போவதாக எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போய்த் தடுங்கள். "உன் மகன் பேருதானே மாப்ள போட்டிருக்கு?" என்று கேட்பார். பெயர் மட்டும்தான் என்னுடையது என்று சொல்லுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

வெள்ளைத்துரை