அம்மணிக்கு வயது ஆறு

பூனா, 14.8.1996

அன்பு மாசாணிக்கு அங்கப்பன் எழுதுவது. நான் சுகம். உனக்கும் அத்தைக்கும் உடம்புக்குத் தேவலையா? இப்போது யாரும் நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

எங்கள் ஆபீசில் மூன்று யானைப் பருமனில் ஒரு கம்ப்யூட்டர். குழந்தையின் குரலைக் கேட்டே வயதைச் சொல்லுமாம். நீ அனுப்பிய கேசட்டைப் போட்டேன். "ஆறு" என்றது. மெட்ராஸ்கார இஞ்சினியர் அதன் தலையில் அடித்த அடியில் பூனா முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

"யோவ், கேசட் மேல 'அம்மணி'ன்னு எழுதியிருக்கு. பெரிய மனுஷியைப் போய் ஆறு வயசுங்குதே! ரெண்டு வருஷ உழைப்பு வீண்!"

"ஏனுங்க சார், எங்கூர்ல தொட்டில்ல கெடக்கறதும் அம்மணிதானுங்க! அது எம்பட புள்ளைங்க. அஞ்சு வயசுங்க."

"அப்பவும் தப்புதானேய்யா!"

கம்ப்யூட்டர், இஞ்சினியர், இந்த இரண்டோடும் மாரடிக்க என்னால் ஆகாது. அடுத்த கேசட்டில் அம்மணி என்று போடாமல், அவள் பெயரை இளவேனில் என்றே எழுது. அவளை இன்னும் கொஞ்சம் பேச வை. தலைக்குத் தேய்க்க அரப்புத்தூளும் அனுப்பு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். இதில் முக்கால்வாசி புளுகு. ஆறு என்று அது சொன்னது மட்டும் நிஜம். அறைக்கு வந்து அவள் வயதை விரல்விட்டு எண்ணினேன், ஆறேதான். நான்தான் அஞ்சிலேயே நின்றுவிட்டேன்.

அங்கப்பன்