கூடத்துல ஊத்துன தண்ணி

கோத்தகிரி
ஆனி மாசம், 1988

அம்மாவுக்கும் நைனாவுக்கும் வரலட்சுமி கும்பிட்டு எழுதிக்கிறது. நான் நல்லாத்தான் கீறேன். நைனாவுக்கு முட்டிவலி தேவலையா? மேனாம்பேட்டுல மழை எட்டிப் பாத்துச்சா?

வெயில் இல்லாத ஊருக்கு வாக்கப்பட்டேன், கொடுத்து வெச்சவன்னு தெருவே சொல்லிச்சு. இங்க ஒரு கூத்து கேளு. சாயங்காலமானா சூடு அடங்க நம்ம ஊட்டுல தரைக்குத் தண்ணி ஊத்துவோமே, அந்தப் பழக்கத்துல இங்கயும் கூடத்துல ஒரு குடம் ஊத்திட்டேன். இந்தக் குளிர்ல தரை காயவே இல்ல. மாமியார் கத்தல. "பட்டணத்துப் பொண்ணுக்கு ஜில்லுன்னு வேணுமாம்"னு சிரிச்சாங்க. அன்னியிலேர்ந்து தினமும் அவங்களே அந்த மூலையில ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, என்னை அதுமேலதான் படுக்க வெக்கிறாங்க. உங்க மாப்பிள்ளையும் சிரிக்கிறாரு. ஒத்துமையான குடும்பம், எல்லாரும் சேர்ந்துதான் சிரிக்கிறாங்க.

நைனாவோட பழைய காக்கி கோட்டு பரண்மேல கீதே, அதை இங்க எங்க பக்கத்து ஊட்டு பார்வதம் அக்கா பேருக்குத் தபால்ல அனுப்பு. ரெண்டு கோணிப்பையும் சேர்த்துக் கட்டு. கீழ விரிச்சுக்கலாம்.

அடுத்த வாரம் தங்கச்சி கஸ்தூரியை என் கொழுந்தனுக்குப் பொண்ணு பாக்க வராங்க. என்னை அழைச்சுகினு வரல. ஊட்டைப் பாத்துக்க ஆள் வேணுமாம். காபி கொடுத்துட்டு, எங்க பொண்ணு வரம் எப்படி கீறான்னு கேளு. சிரிப்பாங்க.

கஸ்தூரிக்குக் குளிரு ஒத்துக்காதுன்னு சொல்லி அவங்களை அனுப்பிடு.

மாமியார் சந்தையிலேர்ந்து வர நேரம், மூடிடறேன்.

வரம்