வெறுங்காலோடு நீ ஓட்டிய பேட்டரி வண்டி

போன வெள்ளிக்கிழமை என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்ட ராணிப்பேட்டையில் ஒரு டயர் கடையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு லாரி நின்றது. பேட்டரியில் ஓடும் லாரி. இப்போது அதுவும் வந்துவிட்டது, உனக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பின்சக்கரங்களைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். டயரின் பட்டன் பட்டனான மேடுகளெல்லாம் தேய்ந்து ரப்பர் மொழுக்கென்று ஆகியிருந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். "நீ ஓட்டுற லட்சணம் அப்டி, வேற இன்னா?" என்று முதலாளி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் தரையைப் பார்த்தபடி நின்றார். கடைக்குள்ளிருந்து சூடான ரப்பர் வாடை வந்தது. அந்த வாடையும் அந்த ஏச்சும் ஒன்றாக வந்தபோது எனக்கு உன் நினைப்புத்தான் வந்தது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "லோடை எடை போட்டு ஏத்துறீங்களா? காத்து சரியா வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "நீங்க உங்க பஞ்சரைப் பாருங்கம்மா" என்றார் அவர். தலை நரைத்த பொம்பளைக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார். ஒரு கோடை முழுவதும் நாம் இரண்டு பேரும் டயரைத் தவிர வேறு எதையும் பேசவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து சோறுகூட வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் அந்தத் தோல் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். நீ தோலைப் பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைக்கும் பகுதியில் இருந்தாய். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கம்பெனி பஸ். எதைக் கேட்டாலும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வேன் என்று நீ எனக்கு வைத்த பெயர் ரிஜிஸ்டரு. ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

பேட்டரி வண்டி வரும்வரை, தோலைப் பதப்படுத்தும் பெரிய மர டிரம்மிலிருந்து எடுத்த ஈரத்தோலை நாலு பேர் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போவார்கள். புது வண்டிக்கு நாலு சின்னச் சக்கரம், காற்றடைக்காத கெட்டி ரப்பர் டயர், முன்னால் ஒரு சீட்டு, பின்னால் பாரம் ஏற்றத் தட்டையான மேடை. ஆண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். கியரும் இல்லை, சத்தமும் இல்லை, இதெல்லாம் ஒரு வண்டியா என்று சிரித்தார்கள். "யாரும் ஓட்ட மாட்டீங்கன்னா நான் ஓட்டறேன்" என்று நீ கையைத் தூக்கினாய். சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டத் தெரியாதவள் நீ. மேஸ்திரி விளையாட்டாகத்தான் சரி என்றார். ஒரு மாதத்தில் இரண்டு டிரம்முக்கு நடுவே இம்மி இடிக்காமல் வண்டியைத் திருப்பினாய். சிரித்தவர்களே அந்தச் சீட்டைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சீட்டில் ஏறும்போது உன் முதுகு நிமிர்ந்துவிடும். அதைப் பார்ப்பதற்காகவே ஸ்டோர்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன்.

டீசல் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேகம் பிடிக்கும். பேட்டரி வண்டி அப்படியில்லை. மிதியைத் தொட்டதுமே தன் பலத்தையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்த ஈரத்தரையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், ரப்பர் உரியும். கம்பெனி கொடுத்த ரப்பர் கம்பூட்ஸ் உன் காலுக்கு இரண்டு அளவு பெரிது. அதோடு மிதித்தால் எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியாது. அதனால் பூட்ஸைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினாய். "கட்டை விரலுக்குத் தெரியும்டி, எவ்ளோ அழுத்தணும்னு" என்று என்னிடம் மட்டும் சொன்னாய்.

அப்படி ஓட்டியும் டயர் தேய்ந்தது. வண்டி விற்றவர்கள் சொன்னபடி முதல் ஜோடி மட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. இரண்டாவது ஜோடி கொடுத்தேன், நாலே மாதத்தில் பிளந்துகொண்டது. மூன்றாவதும் கொடுத்தேன், அதுவும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, உன் கையெழுத்தை வாங்கிப் பதிவேட்டில் வைத்தேன். "பொம்பள கையில வண்டியக் கொடுத்தா இப்டித்தான் பேஜார்" என்று மேஸ்திரி ஊரைக் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார். காரணத்தைக் கண்டுபிடிக்காவிட்டால் சீட்டு போய்விடும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் பஸ் மேல்விஷாரம் தாண்டும்வரை நமக்கு அதே பேச்சுத்தான். சீட்டுக்குக் கீழே இருக்கும் பேட்டரி ஒரு எருமை கனம், வண்டி காலியாக இருந்தாலே பாரம்தான் என்றேன். குறுகலான வழியில் அடிக்கடி ஒடித்துத் திருப்புவதும் ரப்பரை அரைக்கும் என்றாய். தரையில் கிடக்கும் உப்புக் கல்லையும் சேர்த்துக்கொண்டோம். நீயே இல்லையென்று தலையை ஆட்டினாய். "இதெல்லாம் மொத நாள்லேர்ந்து இருக்குதுடி. மொத ஜோடி மட்டும் அவ்ளோ நாள் வந்துச்சே. நடுவுல இன்னா மாறிச்சு?" என்றாய். இரண்டு நாள் கழித்து வேலை நேரத்திலேயே ஸ்டோர்ஸுக்கு ஓடிவந்தாய். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. "தண்ணிடி ரிஜிஸ்டரு. தண்ணிதான்" என்றாய்.

நம் இடத்தில் தோலுக்கு எண்ணிக்கைதான் பேச்சு. வண்டியில் இத்தனை தோல் என்பார்களே தவிர எத்தனை கிலோ என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒரு நடைக்கு இத்தனை தோல் என்று வண்டி வந்த அன்றே முடிவு செய்துவிட்டார்கள். அப்போதெல்லாம் டிரம்மிலிருந்து எடுத்ததை மரத்தாங்கியில் போட்டு, நன்றாக நீர் வடியவிட்டு, மறுநாள்தான் ஏற்றுவார்கள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கியதும் வடியவிடுவதை நிறுத்திவிட்டார்கள். எண்ணிக்கை மாறவில்லை, அதனால் பாரமும் மாறவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். பல வருஷம் தோலோடு புழங்கியவர்களுக்குத்தான் அப்படி ஒரு தப்பு வரும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது, சொட்டச் சொட்ட இருந்த ஒரு நடைத் தோலை ஸ்டோர்ஸ் எடை மேடையில் போட்டோம். அதே தோலை வடியவிட்டு மறுநாள் மதியம் மறுபடி போட்டோம். நாலு ஆள் கனம் குறைந்திருந்தது. "நாலு ஆளுங்கள மேல ஒக்கார வச்சிக்கினு ஓட்டிக்கினு இருந்திருக்கேன்" என்று இடுப்பில் கைவைத்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எதையும் கொடுப்பேன்.

எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு நாம் இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். மேஸ்திரியும் இருந்தார். மேனேஜர் புத்திசாலி, பார்த்ததுமே புரிந்துகொண்டார். "எடையைப் பத்தி யாருமே யோசிக்கலையே" என்று மேஸ்திரியைப் பார்த்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மேஸ்திரி விடவில்லை. "எடை சரிங்க சார். ஓட்டுறதும் ஒழுங்கா இருக்கணுமில்ல" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் வாய் உனக்குத் தெரியாதா? "இவ மாதிரி பதமா யாரும் ஓட்ட முடியாது சார். மிதி தெரியணும்னு பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட ஓட்டுறா" என்றேன்.

சொல்லி முடித்ததும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். மேனேஜர் பேனாவை மூடினார். பூட்ஸ் இல்லாமல் யாரும் உள்ளே வேலை செய்யக் கூடாது, வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருபவர்கள் பார்த்தால் ஆர்டரே போய்விடும் என்றார். உனக்கு அளவான பூட்ஸ் வாங்கித் தரவேண்டும் என்று சொல்ல அந்த அறையில் எனக்குத் தோன்றவில்லை. உனக்காகப் பேசப்போய், மேஸ்திரியால் பிடுங்க முடியாததை நானே பிடுங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஒரு நடைக்கு ஏற்றும் தோலைக் குறைத்துப் பலகை எழுதி மாட்டினார்கள். அதே வாரம் உன்னை ஆணியடிக்க அனுப்பிவிட்டு இன்னொருவரை வண்டியில் உட்கார வைத்தார்கள். டயர் தேய்வது நின்றது. "ஆம்பள கை பட்டதும் டயர் நிக்குது பாரு" என்று எல்லோரும் சொன்னார்கள். பாரம் குறைந்ததால்தான் என்று, பலகை மாட்டிய தேதியை நாலைந்து பேரிடம் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். யாருக்கு வேண்டும் அது? ஒரு வாரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய். எட்டாவது நாள், "இன்னா ரிஜிஸ்டரு, இன்னைக்கி இன்னா கொழம்பு?" என்று என் டப்பாவைத் திறந்தாய். எனக்குப் போன உயிர் வந்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். புது டிரைவர் ஊருக்குப் போயிருந்தார். பழத்தின் மேல் வண்டியை ஏற்ற ஆள் வேண்டும். மேனேஜரே உன்னைக் கூப்பிட்டார். "பூட்ஸோட" என்றார். நீ முகமெல்லாம் பூரிக்க ஓடிப்போய் அந்தப் பெரிய பூட்ஸை மாட்டிக்கொண்டு ஏறினாய். மிதித்தாய். வண்டி துள்ளியது. சக்கரம் ஈரத்தரையில் கிறீச்சென்று சுற்றி, ஒரு பழம் நசுங்காமல் தெறித்துப்போய் மேஸ்திரியின் வேட்டியில் பட்டது. தரையில் கறுப்பாக ரப்பர்க் கோடு விழுந்தது. "டயர் எப்டி தேஞ்சுதுன்னு இப்ப தெரியுதா சார்?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். உன்னைப் பார்த்து இல்லை, அந்த வேட்டியைப் பார்த்துத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் வண்டி ஏன் துள்ளியது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வண்டியிலிருந்து இறங்கும்போது நீ என்னைத் தேடினாய். நான் அவசரமாகச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வண்டியின் பக்கமே நீ போகவில்லை.

சில வருஷம் கழித்து வேலூர் ஆஸ்பத்திரியில் நீ கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தபோது, வெறுங்கால் விஷயத்தைச் சொல்லி உன்னிடம் அழுதேன். "பைத்தியம். நீ இன்னா பொய்யா சொன்ன? எனக்காகத்தான வாயத் தொறந்த" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அப்போதே அந்த ஆயுத பூஜைச் சிரிப்பைப் பற்றியும் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அதன் பிறகும் மூன்று தடவை வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கேட்கவில்லை. நீ மன்னித்த ஒருத்தியாகவே நான் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஆசைப்பட்டேன். பிறகு நீ போய்விட்டாய்.

எத்தனையோ பதிவேடு எழுதினேன், அந்த ஒன்றை மட்டும் யாரிடம் கேட்டு எழுதுவது? நான் தலைப்பால் வாயை மூடுவதற்கு முன்னாலேயே நீ பார்த்துவிட்டாயா?