வாசனை தெரியாமல் சுட்ட குக்கீஸ்

ஜூன் 16, திங்கள்

காலையிலிருந்து சாரல். மேற்கே மலை தெரியவில்லை. வெண்ணெயை எடுத்து வெளியே வைத்தேன். இந்தக் குளிரில் இளக நேரமாகும். காய்ச்சல் போய்விட்டது, மூக்கடைப்பும் இல்லை. அசதி மட்டும்.

ஏலக்காய் இடித்தேன். வாசனை வரவில்லை. பழசு போல என்று புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். அதுவும் அப்படியே. கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். பிறகு சந்தேகம் வந்து பெருங்காய டப்பாவைத் திறந்தேன். காபித்தூள். கற்பூரம். கடைசியில் பினாயில். ஒன்றும் இல்லை. பினாயில் பாட்டிலை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றபோது சிரிப்புதான் வந்தது.

நிலக்கடலை குக்கீஸ் ஒரு ட்ரே கருகல். வாசலில் பைக்கை நிறுத்தும்போதே இவர், "அம்மணி, என்னமோ தீயுது பாரு" என்று சத்தம் போட்டார். ஓவனுக்கு முன்னால் நின்றிருந்த எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

காது மூக்கு டாக்டர். கூட்டம். முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டு வந்திருந்தது.

காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறதாம். சில வாரத்தில் வரலாம், சில மாதம் ஆகலாம், வராமலும் போகலாம். மூன்றையும் ஒரே குரலில் சொன்னார். தினமும் நாலு வாசனையை மோந்து பழக்க வேண்டும். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டிலேயே குக்கீஸ் செய்து விற்கிறேன் என்றேன். "அடடா" என்றார். அதற்கு மேல் மருந்துச் சீட்டு.

நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு தெரிகிறது. இஞ்சி எரிகிறது, ஆனால் இஞ்சியாக இல்லை. சாக்லேட் என்பது இனிப்பான மெழுகு.

பெங்களூரில் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் இணையத்தில் படித்ததையெல்லாம் அனுப்புவான்.

ஜூன் 20, வெள்ளி

கிணத்துக்கடவு சரஸ்வதி அக்கா ஃபோன். தென்னந்தோப்புக்காரர். போன தீபாவளிக்கு என்னிடம் வாங்கினார். மகள் காவ்யாவுக்கு நிச்சயம், ஜூலை 6 ஞாயிறு. வருகிற உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கையில் ஒரு டப்பா கொடுக்க வேண்டும்.

"ஒறம்பரை ரொம்ப வருவாங்க கண்ணு. எல்லாரும் லட்டே குடுக்கறாங்க. நாம வேற மாதிரி செஞ்சுபோடலாமுங்க."

அக்காவுக்குத் தேங்காய் குக்கீஸ். தன் தோப்புக் கொப்பரையையே துருவி அனுப்புகிறாராம். காவ்யாவுக்கு சாக்லேட். இரண்டும் கலந்து டப்பா. முதலில் சாம்பிள்.

இவ்வளவு பெரிய ஆர்டர் இதுவரை வந்ததில்லை. மூக்கு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அளவு கையில் இருக்கிறது. ருசி பார்க்க இவர் இருக்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

சாம்பிள் சுட்டேன். வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மைதா, கொப்பரைத் துருவல். ஓரம் பொன்னிறம். உடைத்தால் நறுக்கென்று சத்தம். கண்ணுக்கும் காதுக்கும் பிழையில்லை.

இவர் ஒன்று தின்றார். "நல்லாருக்குது."

"சரியாப் பாத்துச் சொல்லுங்க."

"நல்லாருக்குதும்மணி."

பொள்ளாச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். மதியம் தூக்கம். மழை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா ஃபோன். முதலில் மழையைப் பற்றி. பிறகு என் உடம்பைப் பற்றி. பிறகு தேங்காய் விலையைப் பற்றி. அப்புறம்தான்:

"ஏனுங் கண்ணு, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்க மாட்டீங்களே. தேங்காய் பிஸ்கட் கொஞ்சம் காறுற மாதிரி இருந்துச்சுங்க. பழைய எண்ணெயாட்ட. எம்பட வாய்க்குத்தான் அப்படியோ என்னமோ."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மீதிக் கொப்பரையை மோந்தேன். காகிதத்தை மோந்த மாதிரி இருந்தது.

இவர் வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, அன்னிக்கு தேங்காய் பிஸ்கட் காறுச்சுங்களா?"

ஷூவைக் கழற்றிக்கொண்டே, "லேசா" என்றார்.

"அப்பறம் ஏனுங்க நல்லாருக்குதுன்னீங்க?"

"காச்சல்ல கெடந்து எந்திரிச்சு, நின்னு செஞ்சுபோட்டு, எம்மூஞ்சியவே பாத்துட்டு நிக்கறே. நான் என்னன்னு சொல்றது?"

"காறுதுன்னு சொல்றது."

செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். மழை பெய்த செடிக்கு.

ஜூன் 25, புதன்

பம்பு கம்பெனியில் இவருக்குத் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க இரும்பில் குறை கண்டுபிடித்து, சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக ஒதுக்குவார். ஒரு முடி அளவு விரிசலைக்கூட விடமாட்டார் என்று பெயர்.

வீட்டில் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்குது". நான் இந்தத் தொழில் ஆரம்பித்ததே அந்தச் சொல்லை நம்பித்தான். இன்றைக்கு முழுக்க அதுதான் மண்டைக்குள். அதில் எத்தனை நிஜம்?

மாவு சலித்தேன். ட்ரே கழுவினேன். இரவு ரசம் வைத்தேன். "நல்லாருக்குது" சொல்லாமல் சாப்பிட்டார். அதுவே வித்தியாசமாக இருந்தது.

ஜூன் 26, வியாழன்

சாயந்திரம் எல்லா வகையிலும் ஒன்று எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"இங்க உக்காருங்க. உங்க கம்பெனியில பாக்கற மாதிரி பாருங்க."

"அங்க கோவிச்சுக்கறதுக்கு ஆளில்லையே. எல்லாம் இரும்பு."

"நானும் கோவிச்சுக்கலீங்க. சொல்லுங்க."

அவர் சொன்னபடி:

நா. சர்க்கரை + சுக்கு: "இது நல்லாருக்குது. நெசமா."

ராகி: "மணலாட்ட."

சாக்லேட்: "வாசம் அருமை. முழுங்குனதுக்கப்பறம் நாக்குல மெழுகு ஒட்டுது."

நி. கடலை: "உப்பு பத்தலை."

ஏலக்காய்: தின்று முடித்துவிட்டு எழுந்தார். நான் விடவில்லை.

"எனக்கு ஏலக்காயே ஆகாது அம்மணி."

"எப்ப இருந்துங்க?"

"சின்னதுல இருந்தே."

கல்யாணமான நாளிலிருந்து பாயசம், கேசரி, பால், எல்லாவற்றிலும் தட்டிப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

"அப்ப எதுதான் புடிக்குமுங்க?"

"வெறும் வெண்ணெ, சக்கரை, மாவு. வேற ஒண்ணுமே போடாம."

விற்பதற்கு அதை நான் சுடுவதே இல்லை. யாரும் கேட்பதில்லை என்று விட்டுவிட்டேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரோ புது ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. இனிமேல் "நல்லாருக்குது" என்று பொய் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினார்.

ஜூன் 27, வெள்ளி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஃபோனைக் கையில் எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கடைசியில் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

"மூக்கு போயிருச்சுங்க்கா. காச்சலுக்கப்பறம் வாசம் ஒண்ணும் தெரியறதில்லீங்க. அதான் அன்னிக்கு காறுனது தெரியலீங்க."

அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் மோட்டார் ஓடுகிறது.

"அப்ப எப்படிங் கண்ணு செய்வீங்க?"

"அளவெல்லாம் கையில இருக்குதுங்க. ருசி பாக்கத்தான் ஆள் வேணும். எங்கூட்டுக்காரரு பாப்பாருங்க. இனிமே உள்ளதச் சொல்லுவாரு."

"ஒறம்பரையெல்லாம் வர்ற எடமுங்க..."

"தெரியுமுங்க. வேற எடத்துல சொல்லிக்கறதுன்னா சொல்லிக்குங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டனுங்க."

"ஊட்ல கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க."

கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படிப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 28, சனி

ஃபோன் வரவில்லை. டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மின்தடை. எலுமிச்சை, கிராம்பு, ஏலக்காய், நீலகிரித் தைலம் மோந்தேன். தைலத்தில் கண் எரிந்தது, அவ்வளவுதான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் வாசலில் கார். சரஸ்வதி அக்கா, காவ்யா, ஒரு மூட்டை தேங்காய்.

"ஃபோன்ல சொல்றதுக்கு நேர்லயே வந்துர்லாம்னுட்டு வந்துட்டனுங்க" என்றார் அக்கா. "கொப்பரை வேண்டாமுங் கண்ணு. இந்த மழைல அது செரியாக் காயலை. அது எம்பட தப்பு. இது பச்சைத் தேங்காய். இத வறுத்துப் போடுங்க. நானும் கூடவே இருக்கறேன்."

மேஜையைச் சுற்றி மூன்று பேர்: அக்கா, காவ்யா, இவர். நான் ஓவன் பக்கம்.

இவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. "தேங்காய் இன்னும் வறுபடோணுமுங்க" என்றார். "இதுக்கு மேல வறுத்தாக் கசக்குமுங்க" என்றார் அக்கா. "கசக்காதுங்க, இப்ப பச்சை வாசமடிக்குது." இரண்டு விதமாகவும் வறுத்தேன். இவர் சொன்னதுதான் சரி என்று காவ்யா சொன்னாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதையே மறுபடியும் எடுத்துத் தின்றார்.

சாக்லேட்டின் மேலே கொஞ்சம் கல் உப்பைத் தூவ வேண்டும் என்றாள் காவ்யா.

"நிச்சயத்துக்கு உப்புப் போட்ட பிஸ்கட்டா?"

"உப்பு சக்கரை மாத்தித்தானம்மா நிச்சயமே பண்றோம்? பிஸ்கட்ல போட்டா மட்டும் ஆகாதா?"

அக்கா உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளினார். உப்பு தூவினேன். மெழுகு ஒட்டுகிறது என்று இவர் சொன்னதால் வெண்ணெயையும் குறைத்தேன். அந்த ட்ரே காலி.

என் சமையலறையில், என் குக்கீஸைப் பற்றி, எனக்குத் தெரியாத எதைப் பற்றியோ மூன்று பேர் சண்டை போடுகிறார்கள். நான் டைமரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எரிச்சலா நிம்மதியா, சொல்லத் தெரியவில்லை. உடைக்கிற சத்தத்தை வைத்து, இன்னும் கொஞ்சம் வேக வேண்டும் என்று ஒரு முறை சொன்னேன். அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

போகும்போது அக்கா, "செஞ்சுபோடுங் கண்ணு" என்றார்.

ஜூலை 4, வெள்ளி

இவர் லீவு போட்டுவிட்டார். ஒவ்வொரு ட்ரேயிலும் ஒன்று எடுத்துத் தின்று பார்க்கிறார். இரண்டு ட்ரே ஒதுக்கினார். ஒன்றில் தேங்காய் ஒருபக்கம் தீய்ந்திருக்கிறதாம். இன்னொன்றுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, "என்னமோ செரியில்லை" என்றார். ஒதுக்கினதை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்ததாம்.

கால் வலி. நாளைக்கு டப்பா கட்ட வேண்டும். ரிப்பன் குறைகிறது.

ஜூலை 6, ஞாயிறு

கிணத்துக்கடவு மண்டபம். காற்று தூக்கிக்கொண்டு போகிறது, பந்தல் துணி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. காவ்யா பச்சைப் பட்டு. மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம், நல்ல சிரிப்பு.

அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவரிடமும், "இவங்கதான் செஞ்சதுங்க. மூக்கு வாசமே தெரியாதுங்க இவங்களுக்கு!" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஓர் அம்மா உடனே, சாப்பிட வைத்திருந்த தட்டிலிருந்து இரண்டாவது எடுத்தார். இன்னொருவர் கையிலிருந்ததை மெதுவாகத் தட்டிலேயே திருப்பி வைத்தார். இரண்டையும் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் தேங்காய் குக்கீஸைக் காபியில் முக்கித் தின்றார். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உடையாம நிக்குது பாரு" என்றார் என்னிடம்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் இவர் டிகாஷன் இறக்கினார். எனக்கு ஒரு வாசனை வந்தது! இத்தனை நாளுக்குப் பிறகு. ஓடிப்போய் டம்ளரைக் கையில் வாங்கினேன். மண்ணெண்ணெயும் எரிந்த டயரும் கலந்த நாற்றம். வாந்தி.

வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம். வறுத்த சீரகமும். மற்றதெல்லாம் பழையபடி ஒன்றுமில்லை.

டாக்டரிடம் ஃபோனில் கேட்டேன். நல்ல அறிகுறிதானாம். நரம்பு திரும்ப ஒட்டும்போது ஆரம்பத்தில் இப்படித் தப்பும் தவறுமாகத்தான் ஒட்டுமாம். பொறுத்துக்கொள்ளுங்கள், ஆகாததைத் தள்ளி வையுங்கள் என்றார்.

காபித்தூள் டப்பாவை இவர் எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

மண்டபத்தில் இரண்டாவது எடுத்த அம்மா, வளைகாப்புக்குக் கேட்டிருக்கிறார். ஆடி முடிந்து. இவரைக் கேட்டுக்கொண்டுதான் ஒத்துக்கொண்டேன்.

ஏலக்காய் குக்கீஸை நிறுத்தவில்லை. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இவருக்கென்று தனியாக வெறும் வெண்ணெய் குக்கீஸ் ஒரு டப்பா. "கொஞ்சம் இனிப்பு தூக்கல்" என்றார். சரி என்று குறைத்தேன். இரண்டாவது தடவை, "இப்ப செரி". நம்புகிறேன்.

காலையில் காபி இல்லாமல் வெறும் வெந்நீர் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். தலைவலிக்கவில்லையா என்று கேட்டேன். காபியை விட்டுவிட்டேன் என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியுமுன்பே கொடுமுடிக்குக் கிளம்பிவிட்டார்கள். தெரு அமைதி. நல்ல காற்று.

பட்டர் பேப்பர் தீர்ந்துவிட்டது. மேட்டுப்பாளையம் ரோட்டுக் கடைக்குப் போனேன். துடியலூர் பஸ் ஸ்டாப் பக்கத்து பேக்கரியில் இவர். காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். கண்ணாடி டம்ளரில் காபி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி மோந்துவிட்டுத்தான் குடித்தார். முடித்துவிட்டு இன்னொன்று வாங்கினார். நான் வேறு சந்து வழியாக வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். உள்ளே வரவில்லை. வெளிக்குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். மறுபடியும். முகத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டையைக் கழற்றி உதறிக் கொடியில் போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, ஞாயித்துக்கிழமையாச்சும் ஒரு காபி குடிச்சுட்டு வர்லாமில்லீங்க வெளிய?"

"அதுதான் உட்டுப்போட்டனேம்மணி. இப்பல்லாம் வயித்துக்கு ஆகறதில்லை."

"நல்லதுங்க" என்றேன்.