மூட்டை எங்கே தூங்குகிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். மூன்றாவது ஆள் யார் என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவின் இடுப்பு எலும்பு நன்றாகக் கூடி வருகிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை போய், நான் கழுவி வைத்த பாத்திரத்தில் குறை கண்டுபிடித்துவிட்டுத் திரும்புகிறாள், தேறிவிட்டாள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவாள். தவிர, நான் செய்த ஒரு தப்பை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும், அதை அவள் காதுபடச் சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

நம் நாய் மூட்டையை மாதக் கடைசியில் உன் தோழி வந்து அழைத்துப் போக ஏற்பாடு செய்யச் சொன்னது நான்தானே. எலும்பு டாக்டர், "நடக்கிற வழியில ஒரு துணிகூடக் கிடக்கக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தா எழுப்புறது கஷ்டம்" என்று சொன்னதிலிருந்து நான் தரையைப் பார்த்தபடியேதான் நடக்கிறேன். இந்த நாயோ சொல்லி வைத்த மாதிரி அம்மாவின் நாற்காலியடியில், வாக்கர் சக்கரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் படுக்கும். விரட்டினால் எழுந்து, மூன்று சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் தொப்பென்று விழும். அம்மாவோ, "அது போற வண்டியிலயே எனக்கும் ஒரு இடம் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டாள். சரி, இடத்தையாவது மாற்றிப் பார்ப்போம் என்று ஒரு மெத்தை தைத்தேன். ஒரு மதியம் நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது மூட்டை காலை நீட்டித் தூங்கியது, டேப்பை எடுத்து மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்தேன், நாற்பத்தாறு அங்குலம். பள்ளிக்கூடச் சீருடையில் மிஞ்சிய துண்டுகளை அடைத்துத் தைத்து, கூடத்து மூலையில் போட்டேன். வந்து முகர்ந்து பார்த்தது, ஒரு கொட்டாவி விட்டது, திரும்பிப் போய் வாக்கரடியில் வெறுந்தரையில் சுருண்டுகொண்டது. சுருண்டால் பத்தொன்பது அங்குலம்கூட இல்லை. முப்பது வருஷத்தில் நான் தைத்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த முதல் வாடிக்கை இதுதான்.

போகிற இடத்தில் கொடுக்க, உடம்பில் கோளாறு இல்லை என்று எழுதி வாங்குவதற்காக நாய் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். பகலெல்லாம் தூங்குகிறது, தூக்கத்தில் காலை உதறுகிறது, முனகுகிறது, வலிப்பாக இருக்குமோ என்று கேட்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்கிறதா என்றார். உடனே விழிக்கிறது என்றேன். அவர் சிரித்துவிட்டார். "அப்ப அது கனவுதான் ஐயா. வயசான நாய் பாதி நாளுக்கு மேல தூங்கத்தான் செய்யும். எவ்வளவு நேரம்னு பாக்காதீங்க. எங்க படுக்குது, எப்படிப் படுக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க" என்றார். கனவு என்கிறார் பாப்பா. பன்னிரண்டு வருஷமாக நம் காலடியில் கிடக்கிறது, அதற்குள்ளே ஒரு ஓட்டம், ஒரு தெரு, துரத்த ஒரு ஆள் எல்லாம் இருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்திருப்பேனா?

எழுதினேன். வேறெதில் எழுதுவேன், அளவு நோட்டில்தான், தோள், மார்பு, கை என்று குறிக்கிற கட்டங்களில் நேரம், இடம், படுத்திருக்கும் விதம் என்று குறித்தேன். சுருண்டு, தலையை முன்காலில் வைத்திருந்தால் பெரும்பாலும் அரைத் தூக்கம்தானாம், நொடியில் எழுந்துவிடுமாம். பக்கவாட்டில் நீட்டிப் படுத்தால்தான் நிம்மதியான தூக்கமாம். மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தேன், அப்போதுதான் கண்ணில் பட்டது. நீட்டிப் படுத்ததெல்லாம் அம்மாவும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்த நேரம். நான் முன்னறையில் மெஷினில் இருந்து, அவள் கூடத்தில் தனியாக இருந்தால் சுருண்டுதான் படுத்திருக்கிறது, ஒரு தடவைகூடத் தவறவில்லை. நான் அளவெடுத்தது நீட்டின மதியத்தில், மெத்தையைப் போட்டது அவளைத் தொட முடியாத மூலையில். பிறகு எப்படி அது படுக்கும்? சோம்பேறி என்று எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், அது தூக்கத்தைக்கூடப் பாதியாகப் பிரித்து அவளுக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறது.

ஐந்தாம் நாள் நடந்ததை அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன், மெஷின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. திடீரென்று மூட்டையின் கழுத்துமணி பக்கத்தில் கேட்டது. வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தது, திரும்பிக் கூடத்தைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை. எழுந்து போனேன், அம்மா தண்ணீர் எடுக்கக் கிளம்பி, வாக்கரை இழுத்ததில் அது கை நழுவி உருண்டு போய்விட, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து நிற்கிறாள். ஓடிப்போய்த் தாங்கி உட்கார வைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் சும்மாதான் நின்னேன்" என்கிறாள்! பார்த்தாயா, வாக்கர் அசைந்தால் முதுகில் தெரியட்டும் என்றுதான் அங்கே ஒட்டிப் படுத்திருக்கிறது. வழியை அடைக்கிறது என்று நான் நினைத்த நாய், அவள் எழுந்திருப்பது தனக்குத் தெரியாமல் போகாதபடி படுத்திருந்தது. அன்று நான் தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தேன்.

ஆகவே உன் தோழியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு, என் சார்பில் மன்னிப்பும் கேள். மெத்தையைச் சுவரோரம் அம்மா நாற்காலியை ஒட்டிப் போட்டு, வாக்கரையும் சக்கரம் மெத்தையைத் தொடும்படி நிறுத்தி வைத்தேன். நடக்கிற வழியும் காலி, மூட்டையும் படுத்துக்கொண்டது. இனிக் கூப்பிடாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று அம்மாவும் வாக்குக் கொடுத்திருக்கிறாள், அதை எவ்வளவு நம்பலாம் என்பது உனக்கே தெரியும். பெரும்பாலும் சுருண்டுதானே படுக்கிறது, மெத்தையின் நீளத்தைக் குறைக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன், அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை, உன் போன் வந்தது. எப்போதும் நல்லாயிருக்கியா என்று கேட்டுவிட்டு நான் மெஷினுக்குப் போய்விடுவேன் அல்லவா, அன்று நோட்டோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ ஸ்பீக்கரில் பேசப் பேச மூட்டை காலை நீட்டியது, பிறகு மல்லாந்தது, நாலு காலும் மேலே, வாய் பிளந்து, குறட்டை. நோட்டில் அப்படி ஒரு வரி அதுவரை கிடையாது. அம்மாவிடம் காட்டினேன். "எல்லாரும் வந்துட்டாங்கன்னு நெனைச்சுக்கிச்சுங்க" என்றாள். நீ போனை வைத்ததும் கண்ணைத் திறந்து, எழுந்து, மூன்று சுற்றுச் சுற்றிச் சுருண்டுவிட்டது.

மெத்தையைக் குறைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், தலைக்குக் குளித்தால் ஈரம் போகத் துவட்டு, எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நீண்ட ஆயுசோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய்: ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரு பத்து நிமிஷம் பேசு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் பாத்திரம் கழுவு, துணி மடி, போனை மட்டும் வைக்காதே. நானும் மெஷினைத் தொடமாட்டேன். அது கொஞ்ச நேரம் நன்றாகத் தூங்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா