ரிஜிஸ்டரில் ஐம்பத்தோரு கிலோ

இன்று காலை ஒரு பெண் என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாள். எடை பார்க்கும் மிஷினில் ஏறுவதற்கு முன்னால் அவள் இடுப்பைக் கையால் தடவிப் பார்த்தேன், அதுதான் நான் செய்த குற்றம். "இன்னா மேடம், கம்பெனி கேட்லதான் செக் பண்றாங்கன்னா இங்க நீங்களுமா? தோலு எதுனா திருடிக்கினு வந்துட்டேனா நானு?" என்று கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மேலிருந்து ஷூ கம்பெனிப் பசையின் வாடை அடித்தது. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகாத வாடை அது. உன் மேலும் அதே வாடைதான் அடிக்கும். மருந்து ஜன்னலுக்கு வெளியே நீ வந்து நிற்பதை, தலை நிமிராமலே அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் டி.பி. மாத்திரை வாங்க வருகிற எல்லாரையும் இப்படித்தான் சோதிக்கிறேன். ஆண்கள் என்றால் பாக்கெட்டைக் காலி பண்ணச் சொல்கிறேன். டாக்டர் இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். எதற்காக இப்படிச் செய்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீ செத்ததிலிருந்து பிடித்துக்கொண்ட பழக்கம்டி இது.

ஆறாவதிலிருந்து பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஃபார்மஸி படிக்கப் போனேன், நீ ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற லைனுக்குப் போனாய். ஆம்பூரைச் சுற்றியே வேலை பார்த்தும், ஏதாவது கல்யாணத்தில்தான் பார்த்துக்கொள்வோம். பிறகு இருமலுக்கு மருந்து கேட்டு நீ என் ஜன்னலுக்கு வந்தாய். "தோலு தூசுடி, வேற ஒன்னும் இல்ல" என்றாய். இந்த ஊரில் யாருக்கு இருமல் இல்லை? நானும் நம்பி, இரண்டு மாதம் சிரப்பை ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். கடைசியில் எங்கள் லேப் டெக்னீஷியன் அஸ்லம் பாய்தான் உன் இருமலைக் கேட்டுவிட்டு, "அந்தம்மாவ சளி டெஸ்டுக்கு அனுப்புங்க, இந்தச் சத்தம் நல்லா இல்ல" என்றார். சளி ஆம்பூருக்குப் போய், அங்கிருக்கும் மெஷினில் போட்டுப் பார்த்ததில் டி.பி. என்று வந்தது. நீ அழவில்லை. "எத்தினி மாசம்?" என்று மட்டும் கேட்டாய். "ஆறு மாசம்" என்றேன். "அதுக்குள்ள லைன்ல இருந்து தூக்கிடுவானுங்க, யார்கிட்டயும் சொல்லிக்காத" என்றாய்.

டி.பி. மாத்திரை ஆளின் எடையைப் பார்த்துக் கொடுப்பது. ஐம்பது கிலோவுக்குக் குறைவாக இருந்த உனக்கு ஒரு நாளைக்கு மூன்று, ஐம்பதைத் தொட்டால் நான்கு. அந்த அட்டவணை என் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கும். வரிசையில் நிற்கும்போது அதை நீ படித்துக்கொண்டிருப்பாய். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைக்கூட நீ அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

இரண்டாவது மாதத்தில் தட்டுப்பாடு வந்தது. ஒரு மாதத்து மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான் ஒரு வாரத்துக்குக் கொடுத்தேன், பிறகு மூன்று நாளைக்கு. கத்திரிக்கோலால் அட்டையை நறுக்கி நறுக்கி விரல் காய்த்துப்போனது. குடியாத்தம் பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, ஜோலார்பேட்டை பக்கம் இருக்கிறதா என்று நாள் முழுக்க போன். அங்கிருந்தும் அதே கேள்வியோடு எனக்குப் போன் வரும். மாத்திரைதான் இப்படி என்றால், டெஸ்ட் அதைவிட மோசம். மெஷினுக்குப் போடும் கார்ட்ரிட்ஜ் வந்தால் நாலைந்து வரும், இல்லையென்றால் வராது. மேலே கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள். அதையே நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் உன் வீட்டுக்காரருக்கு இருமல் ஆரம்பித்தது. நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். அஸ்லம் பாயின் மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. மெஷினில் பார்த்தால்தான் தெரியும், கார்ட்ரிட்ஜ் இல்லை. மூன்று முறை வந்தார், மூன்று முறையும் சளியைக் கொடுத்தார். மூன்றாவது முறையும் அடுத்த வாரம் வாங்கண்ணா என்றேன். "உங்க அடுத்த வாரத்துக்கு எங்க டேனரில லீவு வுடுவானா மேடம்? பேஜாரா போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு வரவே இல்லை. டெஸ்டில் தெரியாமல் மாத்திரை கொடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. இருக்கிற நோயாளிக்கே இல்லாத நேரத்தில் அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து உன் எடை ஏற ஆரம்பித்தது. நாற்பத்தாறு நாற்பத்தெட்டு ஆனது. பிறகு ஐம்பது. பிறகு ஐம்பத்தொன்று. எனக்குப் பிடிபடாத சந்தோஷம். சுற்றிலும் எல்லாம் இழுபறியாகக் கிடந்தபோது என் ரிஜிஸ்டரில் நல்லதாக இருந்தது உன் எடை ஒன்றுதான். "அம்பது தாண்டினா நாலுதானடி?" என்று நீயே கேட்டாய். கள்ளி, நன்றாகத்தான் படித்து வைத்திருக்கிறாள் என்று சிரித்துக்கொண்டே நான்காவது மாத்திரையையும் நறுக்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்து மூச்சு வாங்க நிற்பாய். மிஷினில் ஏறுவதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாய். "உடம்பு போட்டா மூச்சு வாங்கத்தான் செய்யும், ஜாஸ்தி தின்னாத" என்று கிண்டல் செய்தேன். நான்தான் செய்தேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

மறுபடி சளி கேட்டபோது நீ வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தாய். "இது எச்சில்மா, சளி இல்ல" என்றார் அஸ்லம் பாய். "சளியே வர்றதில்ல பாய்" என்றாய். அவருக்குச் சந்தேகம். ஆம்பூருக்கு அனுப்பி மெஷினில் ஒரு தடவை பார்த்துவிடலாம், இருக்கிற கார்ட்ரிட்ஜில் ஒன்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எடை ஏறுகிறவளுக்கு எதற்கு பாய், புது ஆளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதைச் சொன்னவளும் நான்தான்.

நீ லைனில் ரத்தம் கக்கி விழுந்து, வேலூரில் வார்டில் சேர்த்த பிறகு அங்கிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க ரிஜிஸ்டர்ல அம்பத்தொன்னுன்னு இருக்கு. இங்க நாப்பத்திமூணுதான் காட்டுது. உங்க மிஷின் சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டார்கள். அஸ்லம் பாயை ஏறி நிற்கச் சொன்னேன், நானும் ஏறினேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் வார்டில் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நீ மாஸ்க்குக்குள் சிரித்தாய். ஷூவின் அடி வளையாமல் இருக்க ஒரு இரும்புப் பட்டை வைப்பார்களே, ஷாங்க், அதில் துருப்பிடித்துக் கழித்துப் போட்டதையெல்லாம் டிபன் பாக்ஸில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, மிச்சத் தோலில் பெல்ட் மாதிரி பை தைத்து, அதற்குள் அடுக்கி, உள்பாவாடைக்கு மேல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். எட்டு கிலோ. நோய் தின்று மிச்சம் வைத்த உடம்பில் எட்டு கிலோ இரும்பு.

"நாலுல அவருக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. அவருக்கும் இருமல் கொஞ்சம் கம்மி ஆச்சு, தெரியுமா?" என்றாய்.

"ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா குடுத்திருப்பியா?"

கொடுத்திருப்பேன் என்று சில நாள் தோன்றுகிறது. டெஸ்ட் ரிசல்ட் இல்லாத ஆளுக்கு, அந்தத் தட்டுப்பாட்டில், எந்தப் பெயரில் எழுதிக் கொடுத்திருப்பேன் என்றும் தோன்றுகிறது. கொடுத்திருக்க மாட்டேன்டி. உனக்கு அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இன்றைக்கும் அது போகவில்லை.

பெல்ட் எங்கே என்று கேட்டேன். "அரிசி டிரம்முக்கு அடில கெடக்குது. அரிசி டிரம்முல கை வுடற ஆம்பள எங்க வூட்ல ஏது?" என்றாய். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாய். "மாத்திரைய நீதான் ரகசியமா குடுத்து அனுப்புறன்னு சொல்லி வெச்சிருக்கேன் அவர்கிட்ட. என்னுதுன்னு தெரிஞ்சா அவரு அப்பவே தொட்டிருக்க மாட்டாரு. எனக்கு எதுனா ஆச்சுன்னாலும் சொல்லிடாதடி. அவரு தாங்க மாட்டாரு." சரி என்று தலையாட்டினேன். உனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் ஆட்டினேன்.

உனக்குத் துணி எடுத்துவரும் சாக்கில் உன் வீட்டுக்குப் போய் அந்தப் பெல்ட்டை எடுத்தேன். இரட்டைத் தையல், கோணாமல் ஒரே நேராக. பாலாற்றுப் பாலத்தின் மேல் நின்று வீசினேன். ஆற்றில் தண்ணீர் ஏது? மணலில் விழுந்து எல்லார் கண்ணிலும் படும்படி அப்படியே கிடந்தது. கீழே இறங்கிப் போய்க் குழி பறித்து மூடிவிட்டு வந்தேன்.

உன் நோய் வழக்கமான மாத்திரைக்குக் கட்டுப்படாததாக மாறியிருந்தது. அரைகுறையாகச் சாப்பிட்டதாலா, முதலிலிருந்தே அப்படியா, டாக்டர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. ஏழு வாரம் கிடந்தாய். நீ வார்டில் இருந்தபோதே இங்கே கார்ட்ரிட்ஜ் வந்தது. உன் வீட்டுக்காரரின் சளியை முதல் ஆளாக அனுப்பினோம். அவருக்கும் அதே கட்டுப்படாத நோய்தான். அன்றிலிருந்து அதற்கான நீண்ட, பெரிய சிகிச்சையில் இருந்தார். மாதா மாதம் வருவார். அந்த மாத்திரையும் சில மாதம் இழுத்தடிக்கும். நான் போன் போட்டு, கெஞ்சி, சண்டை போட்டு வாங்கி வைப்பேன். அட்டையை வாங்கிக்கொண்டு கைகூப்புவார். "நாயா அலஞ்சப்ப நீங்க ரெண்டு ரெண்டா குடுத்து அனுப்புன மாத்திரைலதான் மேடம் நான் நிக்கறேன்" என்பார். நான் குனிந்து ரிஜிஸ்டரைப் பார்ப்பேன்.

இப்போது ஓரளவு மாத்திரை வருகிறது. வீட்டில் வேறு யாராவது இருமுகிறார்களா என்று எல்லாரையும் கேட்கிறேன். ஆமாம் என்றால், அவர்கள் டெஸ்ட் முடியும் வரைக்கும் நானே போன் போட்டுத் தொந்தரவு செய்கிறேன். அலுத்துப்போகிறது. அடுத்த வாரம் என்கிற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வருவதில்லை, தேதி தெரிந்தால் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன்.

இன்று மதியம் உன் வீட்டுக்காரர் வந்தார். சிகிச்சை முடிந்தது, கடைசி டெஸ்டிலும் ஒன்றும் இல்லை. ஆற்காட்டுக்குப் போனேன் என்று ஒரு மக்கன் பேடா டப்பாவை ஜன்னலில் வைத்தார். வழக்கம்போல் கைகூப்பினார். ஆனால் போகவில்லை.

"ஒன்னு கேக்கட்டுமா மேடம்? தப்பா நெனச்சுக்காதீங்க."

"கேளுங்கண்ணா."

"எனக்குக் குடுத்த மாதிரி அவளுக்கும் ரெண்டு ஜாஸ்தியா குடுத்திருக்கலாம்ல? உங்க ஃப்ரெண்டுதான அவ?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்து கேட்டார். நான் குனிந்து ரிஜிஸ்டரைப் பார்த்தேன்.

"அப்ப ஸ்டாக் இல்லண்ணா" என்றேன்.

"செரி மேடம்" என்றார். இந்த முறை கைகூப்பாமல் போனார். இனி வரமாட்டார்.

சொல்லவில்லைடி. உன்னைச் சாகவிட்டுவிட்டு அவருக்குக் கொடுத்தவள் நான் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். நினைத்துக்கொண்டு, உயிரோடு இருக்கட்டும்.